எத்தனை பேர் என்பது போதும், யார் என்பது வேண்டாம்

கட்டுரையும் கடையும் ஒரே இடத்தில் இருக்கும் இணையதளங்கள் நம் இயக்கங்களில் பெருகி வருகின்றன. மேலே கட்டுரைகள், காணொளிகள். பக்கத்திலேயே 'கடை' என்று ஒரு பொத்தான். தட்டினால் புத்தகம், நாள்காட்டி, அம்பேத்கர் படம் போட்ட சட்டை. விருத்தாசலத்தில் இருந்து அப்படி ஒரு தளத்தைத் தொடங்கும் தோழர்களோடு நானும் இருக்கிறேன். ஊர் பீங்கான் ஊர் என்பதால் எங்கள் கடையில் குவளையும் உண்டு. செராமிக் தொழிற்பேட்டையில் மின்சாரச் சாமானும் ஜாடியும் பொம்மையும் கழிப்பறைக் கோப்பையும் செய்த கைகள் பெரியார் படம் போட்ட தேநீர்க் குவளையைச் செய்து தரத் தயாராக இருக்கின்றன. (கழிப்பறைக் கோப்பை செய்கிற ஊரில் அதைக் கழுவுகிறவர் எந்தச் சாதி என்ற கேள்வி தனிக் கட்டுரைக்கு உரியது. அதையும் எழுதத்தான் போகிறோம்.)

தளம் கட்டும்போது முதலிலேயே வருகிற கேள்வி, வருகிறவர்களை எண்ணுவது எப்படி என்பது. தளம் அமைத்துத் தருகிற எவரும் கேட்பது ஒன்றுதான்: "கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டுடலாமா?" வீடு கட்டி முடித்ததும் கரண்ட் இழுக்கலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கும். பணம் இல்லை, பத்து நிமிட வேலை, எல்லோரும் போடுகிறார்கள். சாதி ஒழிப்புத் தளம் நடத்துகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சூளை ஏற்றுகிறவருக்கு எத்தனை உருப்படி சுட வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். ஐம்பது குவளை கேட்கிற இடத்தில் ஐந்நூறு சுட்டால் களிமண்ணும் எரிபொருளும் கூலியும் போச்சு. இருபது பேர் குவளையைக் கூடையில் போட்டுவிட்டு, அஞ்சல் செலவைப் பார்த்ததும் பதினைந்து பேர் திரும்பிப் போகிறார்கள் என்றால் அது தெரிய வேண்டும். பீங்கான் கனமானது, உடையக்கூடியது, கட்டி அனுப்பும் செலவு புத்தகத்தைப் போல் இருக்காது. எந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுப் போகிறார்கள், பழைய போனில் பக்கம் திறக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். 'குடி அரசு' 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய காலத்திலேயே இதழும் வெளியீடும் சேர்ந்துதான் நடந்தன. கூட்டம் முடிந்ததும் மேடை ஓரத்தில் மலிவு விலை நூல்கள் விற்கும் பழக்கம் நம் இயக்கத்தின் பழைய பழக்கம். எத்தனை விற்றது என்று கணக்கு பார்க்காமல் அடுத்த பதிப்பு போட்டதில்லை.

ஆனால் மேடை ஓரத்தில் நூல் விற்ற தோழருக்குத் தெரிந்தது எத்தனை பிரதி போயிற்று என்பது. அதை வாங்கியவர் அதற்கு முன் என்ன படித்தார், ராத்திரி எத்தனை மணிக்குப் படித்தார், எந்தப் பக்கத்தில் நின்றார், எந்த ஊரில் இருந்து வந்தார் என்பதெல்லாம் தெரியாது. இன்றைய கருவிக்குத் தெரியும். சிக்கலே அங்குதான்.

கருவி என்ன செய்கிறது என்று எளிமையாகப் பார்ப்போம். தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு நிரல் உட்காருகிறது. முதல் தடவை வருகிறவரின் உலாவியில் ஓர் எண்ணைப் போட்டு வைக்கிறது. அதற்குக் குக்கி என்று பெயர். மறுபடி வரும்போது அந்த எண்ணை வைத்து அதே உலாவி என்று கண்டுகொள்கிறது. என்ன பக்கம் பார்த்தார், எங்கிருந்து வந்தார், போனா கணினியா, எந்த நகரம், எதைக் கூடையில் போட்டார், எதை வாங்கினார், எல்லாம் கூகுளின் கணினிகளுக்குப் போகிறது. 2023 ஜூலை 1 முதல் பழைய வடிவத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் நான்காம் வடிவத்துக்கு மாற்றினார்கள். அதில் 'யூசர் எக்ஸ்ப்ளோரர்' என்று ஓர் அறிக்கை உண்டு. மொத்தக் கணக்கை விட்டுவிட்டு, ஒரே ஒரு எண்ணுக்குரிய ஆள் வரிசையாக என்னென்ன செய்தார் என்று அதில் பார்க்கலாம்.

பெயரும் தொலைபேசி எண்ணும் அனுப்பக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் வாங்கிய ஆர்டரின் எண் போகிறது. அந்த ஆர்டர் எண்ணுக்குரிய பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றும் நம் கடைப் பதிவேட்டில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. மூன்று மாதமாகப் பெயர் இல்லாமல் படித்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு குவளை வாங்கிய நொடியில் அந்த மூன்று மாதத்துக்கும் பெயர் ஏறிவிடுகிறது. கட்டுரை மட்டும் உள்ள தளத்துக்கு இந்த ஆபத்து குறைவு. கடை மட்டும் இருந்தால் குவளை வாங்கினார் என்பதோடு சரி. இரண்டும் சேர்ந்த தளத்தில்தான் வாசிப்பும் முகவரியும் ஒட்டிக்கொள்கின்றன.

இதில் என்ன, நாம் வெளிப்படையான இயக்கம்தானே, மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மேடை ஏறுகிறவர் அந்த முடிவைத் தானே எடுத்தவர். சுவரொட்டியில் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டவர். ஊரில் சாதிச் சங்கக் கொடிக்கம்பத்துக்கு எதிர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நம் தளத்தில் சிறப்புத் திருமணச் சட்டம் பற்றிப் படிக்கிற பத்தொன்பது வயதுப் பெண் அந்த முடிவை எடுக்கவில்லை. அவர் சார்பில் நாம் எடுக்க நமக்கு உரிமை கிடையாது.

விருத்தாசலத்தில் இருந்து எழுதுகிறவன் இதைச் சும்மா சொல்லவில்லை. புதுக்கூரைப்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர். தலித் இளைஞரான முருகேசனும் வன்னியர் சாதியில் பிறந்த கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. அந்தத் தகவல் வெளியே வராத வரை இருவரும் உயிரோடு இருந்தார்கள். வெளியே வந்த பிறகு, கண்ணகி மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்ற இன்னொரு தகவல் ஆதிக்கச் சாதியினருக்குத் தேவைப்பட்டது. முருகேசனின் உறவினர்களை மிரட்டி அதை வாங்கினார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021 செப்டம்பரில், பதினெட்டு ஆண்டு கழித்து, கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இருவர் காவல்துறை அதிகாரிகள். உயர் நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில்தான் வழக்கு முடிந்தது.

அப்போது எந்த இணையதளமும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. கணினி இல்லாமலே கொன்றார்கள். நான் சொல்வது வேறு. யார் எங்கே போனார், யார் யாரைப் பார்த்தார், யார் எதைப் படித்தார் என்ற தகவல்தான் சாதியின் முதல் ஆயுதம். அரிவாள் அதற்குப் பிறகு வருவது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்களே, அதை எதிர்த்து நாம் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம்? பெயரும் முகவரியும் ஒரு பலகையில் தொங்கினால் சாதி வெறியர்களுக்கு அது வழிகாட்டும் பலகை ஆகிவிடும் என்பதால்தான். கேரளத்தில் அந்த அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றி வந்தார்கள். மதவெறிக் கும்பல்கள் அதில் இருந்து ஜோடிகளின் விவரங்களை எடுத்துப் பரப்பத் தொடங்கியதும் 2020 ஜூலையில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். அரசு தன் பலகையைக் கழற்ற வேண்டும் என்று கேட்கிற நாமே நம் தளத்துக்குப் பின்னால் இன்னொரு பலகை மாட்டி வைப்பது எப்படி?

ஒரே போன் இருக்கிற வீட்டை எண்ணிப் பாருங்கள். விளம்பரத்துக்கு என்று இன்னொரு நிரலும் போடச் சொல்வார்கள், முகநூலின் பிக்சல் போல. ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவரை விளம்பரம் துரத்தும். செருப்புக் கடைக்கு அது லாபம். நம் தளத்தில் 'சாதி மறுப்புத் திருமணம்: சட்டக் கையேடு' என்ற நூலை ஒரு பெண் பார்க்கிறார். வரலாற்றை அழித்துவிட்டுப் போனை அப்பா கையில் கொடுக்கிறார். அப்பா முகநூல் திறக்கிறார். அதே நூலின் அட்டைப் படம் வந்து நிற்கிறது. அழிக்கத் தெரிந்த பெண்ணுக்கு, அழித்தும் பயன் இல்லாத ஓர் ஏற்பாட்டை நாம் காசு கொடுத்துச் செய்து வைத்திருப்போம். நான் பார்த்தவரை இயக்கத் தளங்களில் இந்தப் பிக்சலைப் போடுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. 'விற்பனை கூடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போடுகிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. போடவே கூடாது.

அடுத்தது முகவரி. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை அறுத்தார்கள். அதனால் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரை மட்டும் வைத்துச் சாதியைச் சொல்வது எளிதல்ல. ஆனால் கடையின் ஆர்டர் படிவத்தில் பெயரோடு தெருவும் கேட்கிறோம். 'காலனி' என்று ஒரு சொல் இருந்தால் போதும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆவணத்தில் இருந்து போனாலும் அஞ்சல்காரருக்குத் தெரிய வேண்டும் என்று மக்கள் எழுதத்தான் செய்வார்கள். ஆக, நம் கடைப் பதிவேடு என்பது, நாம் கேட்காமலே, ஊர் ஊராகச் சாதிவாரியாகப் பிரிக்கக் கூடிய ஒரு பட்டியல்.

அந்தப் பட்டியலுக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தை வெளியே கொண்டு வந்த கிறிஸ்டோபர் வைலி 2018 மார்ச்சில் அதன் தாய் நிறுவனம் இந்தியாவில் செய்த வேலைகளின் பட்டியலை வெளியிட்டார். 2012 உத்தரப் பிரதேசத் தேர்தலுக்காக ஒரு தேசியக் கட்சி கேட்டு வீடு வீடாகச் சாதி விவரம் எடுக்கும் வேலையும் அதில் இருந்தது. இங்கே யார் எந்தச் சாதி, எந்தப் பக்கம் சாய்வார் என்ற தகவலை வாங்கக் காசோடு ஆள் இருக்கிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த வரைவிலும், 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவிலும் 'சாதி அல்லது பழங்குடி' என்பது தனிப் பாதுகாப்பு தேவைப்படும் நுண்ணிய தகவல் என்று இருந்தது. உடல்நலம், மத நம்பிக்கை, பாலியல் சார்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். 2023இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் நுண்ணிய தகவல் என்ற வகையையே எடுத்துவிட்டார்கள். உங்கள் சாதியும் உங்கள் சட்டை அளவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரே வகைத் தகவல். இதைப் பற்றி நம் தரப்பில் எழுந்த குரல் போதாது என்றே நினைக்கிறேன். தனியுரிமை என்பது ஆங்கிலம் பேசுகிறவர்களின் கவலை என்று விட்டுவிட்டோம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தவன் முதலில் செய்தது என்ன? வந்தவன் யார், எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டான். பிறகுதான் எந்தக் குவளை என்று முடிவு செய்தான். முன்பின் தெரியாதவராக ஒரு கடைக்குள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வர முடிவது அம்பேத்கர் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வரச் சொன்னதற்கான காரணங்களில் ஒன்று. தனியுரிமையால் அதிக நன்மை அடைய வேண்டியவர்கள் நாம்.

'நாம் சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிறோம், இங்கே கணக்கு வேண்டாம் என்கிறோமே' என்று ஒரு தோழர் மடக்கினார். நல்ல கேள்வி. கணக்கெடுப்பில் நாம் கேட்பது மொத்தத்தை. எந்தச் சாதி எத்தனை பேர், எத்தனை பேருக்கு நிலம், எத்தனை பேருக்கு அரசு வேலை. 1931க்குப் பிறகு மறைத்து வைத்திருக்கும் அந்த மொத்தம் வெளியே வந்தால்தான் பங்கு கேட்க முடியும். ஆனால் அதே 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு தனி வீட்டின் படிவத்தை யாரும் பார்வையிட முடியாது, அதைச் சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது என்கிறது. மொத்தம் ஊருக்குச் சொந்தம், தனித்தாள் அந்த வீட்டுக்குச் சொந்தம். இந்த ஒரு வரியைத் தளத்துக்கும் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்தால் செய்ய வேண்டிய வேலை கைக்கடக்கமானதுதான். எண்ணும் கருவியை நம் சொந்த வழங்கியிலேயே நிறுவலாம். மட்டோமோ என்ற திறந்த மூல மென்பொருள் 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கியது, இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. குக்கி இல்லாமல் ஓடும்படியும், வருகிறவரின் இணைய முகவரியில் பின்பாதியை அழித்துவிட்டு எழுதும்படியும் அதில் அமைக்கலாம். அதற்கும் ஆள் இல்லை என்றால், வழங்கி தானாகவே எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை ஒரு சிறு நிரலால் கூட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பைச் சில நாட்களில் அழித்துவிடலாம். எந்தப் பக்கம், எத்தனை பேர், தேடலில் இருந்தா வாட்ஸ்அப்பில் இருந்தா, போனா கணினியா என்பது கிடைத்துவிடும். அதற்கு மேல் கட்டுரைப் பக்கத்தில் நமக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

கடையைத் தனி உபதளத்தில் வையுங்கள். படிக்கும் பக்கத்தில் போட்ட எந்த எண்ணும் கடைக்குள் வரக் கூடாது. எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குவளை வாங்க வந்தார்கள் என்று தெரிய ஆசை இருக்கும், நியாயம்தான். கட்டுரைக்குக் கீழே உள்ள 'வாங்க' பொத்தானை எத்தனை தடவை தட்டினார்கள் என்று அந்த இடத்திலேயே எண்ணி நிறுத்திக்கொள்ளலாம். அதை ஆர்டரோடு சேர்த்து எழுதத் தேவையில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. வேர்ட்பிரஸ் தளங்களில் கடை வைக்கிறவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வூகாமர்ஸில் 2024 ஜனவரியில் வந்த 8.5 பதிப்பில் இருந்து, ஆர்டர் எங்கிருந்து வந்தது, எந்த வகைக் கருவி, வாங்குமுன் எத்தனை பக்கம் பார்த்தார் என்பதை ஒவ்வொரு ஆர்டரோடும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி தானாகவே சேர்ந்துவிட்டது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். நீங்கள் கூகுளை வெளியே நிறுத்தினாலும் வீட்டுக்குள்ளேயே ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பதிக்கும் யூடியூப் காணொளி, முகநூல் பகிர்வுப் பொத்தான் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக் கூடியவை. காணொளிக்கு ஒரு படத்தையும் சுட்டியையும் போட்டால் போதும்.

பொருள் கையில் சேர்ந்து, உடைந்திருந்தால் மாற்றித் தரும் காலமும் முடிந்த பிறகு முகவரி நமக்கு எதற்கு? வரிக்குக் காட்ட வேண்டிய ரசீதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தில் இருப்பதை அழித்துவிடலாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்தில் உத்தரவு போட்டு ஆவணத்தைக் கேட்க முடியும். புதுக்கூரைப்பேட்டை வழக்கில் தண்டனை பெற்றவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள் என்பதை மேலே சொன்னேன். இல்லாத பட்டியலை எந்த அதிகாரி கேட்டும் கொடுக்க முடியாது.

இவ்வளவு செய்தால் எண்ணிக்கை துல்லியமாக இருக்காது என்பார்கள். ஏற்கெனவே துல்லியமாக இல்லை. கடலூர் மாவட்டத்துக் கிராமத்தில் கைபேசியில் படிக்கிறவரைக் கருவி பல நேரம் சென்னை என்று காட்டும். கைபேசி நிறுவனத்தின் இணைப்பு அங்கே போய் வெளியே வருவதால் அப்படி. அதைப் பார்த்துவிட்டு 'கிராமத்தில் நம்மைப் படிப்பதில்லை' என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரையை முழுதாக நகல் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள், அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஒருவர் படித்துக் காட்ட நான்கு பேர் கேட்பதும் வருவதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதினால், யாரோ ஒரு நடிகர் உளறியதற்கு மறுப்பு எழுதிக்கொண்டே காலம் போகும். மலக்குழி மரணம் பற்றிய கட்டுரைக்கு நூறு பேர்தான் வருவார்கள். அந்த நூறில் ஒருவர் வழக்கறிஞராக இருப்பார், இன்னொருவர் செத்தவரின் தம்பியாக இருப்பார்.

எங்கள் தளத்தில் முதல் பக்கத்தின் அடியிலேயே, நாங்கள் எதை எண்ணுகிறோம், எதை எண்ணுவதில்லை, முகவரியை எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதை நாலு வரியில் எளிய தமிழில் எழுதிப் போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நாள் கணக்கில் இன்னும் தகராறு தீரவில்லை. கடைப் பொறுப்பாளர் அறுபது நாள் கேட்கிறார், நான் முப்பது என்கிறேன்.